கூட நிற்பவள்

செண்பகா ஸ்டோர்ஸின் மூன்றாவது மாடிக்கு மல்லிகை வாசனை ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஏ.சி. குழாய் வழியாக வந்து சேர்ந்தது. அதற்கு முந்தின மாதம் அங்கே ஏலக்காய் வாசனை. அதற்கும் முன்னால் லாவெண்டர். லாவெண்டர் வந்த முதல் நாளே மாம்பலத்துப் பெரியவர் ஒருவர், "பாத்ரூம் எந்தப் பக்கம்? வாசனை வருது, எடம் தெரியலையே" என்று கேட்டுவிட்டதால் அதை அன்றைக்கே நிறுத்தினார்கள்.

வாசனையெல்லாம் சித்தார்த்தனின் ஏற்பாடு. தி. நகரில், பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஏழு மாடிக்கு நிற்கும் அந்தக் கடையில் பட்டுப்புடவைத் தளத்துக்கு அவன்தான் மேனேஜர். முப்பத்து மூன்று வயது. சூழலைச் சரியாக அமைத்துவிட்டால் வாடிக்கையாளர் தானாக வந்து வாங்குவார் என்று எங்கேயோ படித்திருந்தான். படித்ததை மறக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. வாசல் கதவை எப்போதும் திறந்தே வைத்து, பிளாட்பாரத்தில் போகிறவர்கள் கணுக்காலில் குளிர் படும்படி செய்தான். கண்ணாடிகளுக்கு மேலே மஞ்சள் விளக்குப் போட்டான். அதற்கு முன்னால் யார் நின்றாலும் பத்து வயது குறைந்தது. வீணை இசையை மெதுவாக ஓடவிட்டான், கேட்கிறவர்களும் மெதுவாக நடப்பார்கள் என்று. ஆண்கள் அவசரப்படுத்தாமல் இருக்க மெத்தென்ற சோபாக்களை வரிசையாகப் போட்டான்.

ஜனங்கள் வந்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ரங்கநாதன் தெருவில் பாத்திரமும் நைட்டியும் வாங்கிவிட்டுப் பைகளோடு ஏறி வந்து சோபாவில் சாய்ந்தார்கள். கண்ணாடி முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். செங்கல்பட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் எலுமிச்சஞ்சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, கை கழுவி, ஒரு கீர்த்தனை முடிகிறவரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லிப் போனது. சூழல் எல்லாருக்கும் பிடித்திருந்தது. கவுன்டர் பக்கம் மட்டும் யாரும் வரவில்லை. பதினாலு விற்பனைப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு அவர்களுக்கு ஆளுக்கொரு ஸ்டூல் உண்டு. அதில் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை.

அந்தத் தளத்தைத் துடைக்கிறவள் அந்தோணியம்மாள். ஐம்பத்திரண்டு வயது, நொச்சிக்குப்பம். இருபத்தாறு வருஷம் மெரினா லூப் ரோட்டில் உட்கார்ந்து மீன் விற்றவள். முட்டி தேய்ந்துபோச்சு, இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, உட்காரவே விடாத வேலை எங்கே கிடைக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்தாள். நாலு பேரும் தி. நகர் என்றார்கள்.

மல்லிகை வந்த அன்று சித்தார்த்தன் தளத்தின் நடுவில் நின்று மூக்கை உயர்த்தி மூச்சிழுத்துக்கொண்டிருந்தான். அந்தோணியம்மாள் அவன் காலைச் சுற்றித் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கோச்சுக்காத சார். ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"எடம் சோக்கா கீது. ஆனா ஆளு இல்லாத எடத்துக்கு ஆளு வராது."

"அதனாலதான் ஆள் வரணும்னு இவ்வளவு செய்யறேன்."

"நீ செய்யறது எல்லாம் உக்கார்றவனுக்கு சார். வாங்கறவளுக்கு ஒண்ணும் செய்யல. முன்னாடி யாராச்சும் நின்னா தான் பின்னாடி ஒருத்தி வந்து நிப்பா."

பிறகு அவனுக்கு விளக்கினாள். லூப் ரோட்டில் ஒருத்திக்கு வியாபாரம் ஓடவில்லை என்றால், பக்கத்துக் கூடைக்காரி தன் கூடையை மூடிவிட்டு எழுந்து வந்து அவள் முன்னால் வாங்க வந்தவளாட்டம் குந்துவாள். மீனைப் புரட்டுவாள். விலை கேட்பாள். காரில் போகிறவன் பார்ப்பான். அங்கே என்னவோ நல்ல மீன் கிடக்கிறது என்று வண்டியை ஓரங்கட்டுவான். அதற்கு 'கூட நிற்பது' என்று பெயர். இன்றைக்கு நான் உனக்கு நின்றால் நாளைக்கு நீ எனக்கு நிற்க வேண்டும். இதை எழுதி வைப்பதில்லை, ஆனால் யாரும் மறந்ததும் இல்லை.

"புகழக் கூடாது சார். அதான் முக்கியம். மீன் நல்லா கீதுன்னு விக்கறவதான் சொல்லணும். கூட நிக்கறவ நொட்டச்சொல்லு சொல்லணும். 'கண்ணு கொஞ்சம் மங்கலா கீதே'ன்னு இழுக்கணும். அப்பதான் பாத்துக்கினு இருக்கறவன், 'இல்லம்மா, நல்லாத்தான் கீது'ன்னு அவனே சொல்லுவான். அவன் வாயால சொல்லிட்டா அப்பறம் வாங்காம போவ மாட்டான்."

சித்தார்த்தன் இதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் மூன்று மாதமாக முதலாளியின் அறைக்குப் போய் வந்துகொண்டிருப்பவன். போகும்போது ஒரு நிறத்திலும் வரும்போது ஒரு நிறத்திலும் இருந்தான். அன்று மத்தியானமே பொம்மை மேல் கட்டியிருந்த பச்சைப் பட்டை அவிழ்த்து அந்தோணியம்மாளுக்குக் கட்டச் சொன்னான். கவரிங் செயின் ஒன்றும் வந்தது. விற்பனைப் பெண் ஸ்நேஹா கொண்டை போட்டுவிட்டாள். எல்லாம் முடிந்து அந்தோணியம்மாள் மஞ்சள் விளக்கின் கீழ் வந்து நின்றபோது சித்தார்த்தன் அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தான்.

"எல்லாம் சரி. வாயை மட்டும் திறக்காதீங்க. திறந்தா மெரினா வந்துடும்."

அவள் வாயைத் திறக்கத் தேவையே இருக்கவில்லை. ஸ்நேஹாவின் கவுன்டரில் இரண்டு புடவைகளைப் பிரிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஒன்றைத் தள்ளிவைத்தாள். தள்ளி வைத்ததையே மறுபடி எடுத்தாள். முந்தானையை இரண்டு விரலால் நிமிண்டி, வெளிச்சத்தில் பிடித்து, உதட்டைப் பிதுக்கினாள். சோபாவில் கால் நீட்டியிருந்த ஒரு மாமி முதலில் கழுத்தை நீட்டினாள். பிறகு எழுந்தாள். அந்த மாமி எழுந்ததைப் பார்த்து இன்னொரு அம்மாள் எழுந்தாள். இருபது நிமிஷத்தில் அந்த கவுன்டரில் பதினொரு பேர் இருந்தார்கள், பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் நிற்கிறவர்களின் தோளுக்கு மேலே கையை விட்டுப் புடவையைத் தொட்டார்கள். அந்தோணியம்மாள் பிடித்திருந்த புடவையின் மறுமுனையை மாமி பிடித்தாள். அந்தோணியம்மாள் உடனே விட்டுவிடவில்லை. மனசுக்குள் மூன்று வரை எண்ணினாள். பிறகு பஸ்ஸை விட்டவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விட்டாள். மாமி அதைக் கீழே வைக்கவே இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து அந்தோணியம்மாளின் பெயர் துப்புரவுப் பட்டியலிலிருந்து மாறியது. அவளுடைய புதிய பதவிக்கு "சூழல் உதவியாளர்" என்று சித்தார்த்தன் பெயர் வைத்தான். விற்பனை ஏறியதற்கு என்ன காரணம் என்று முதலாளி கேட்டபோது மல்லிகை என்று சொன்னான். முதலாளி மகிழ்ந்துபோய் மற்ற ஆறு மாடிகளுக்கும் மல்லிகை விடச் சொன்னார். பாத்திரத் தளத்திலும் செருப்புத் தளத்திலும் அது இன்றைக்கும் வீசிக்கொண்டிருக்கிறது.

பதவி வந்தாலும் லூப் ரோட்டுச் சட்டம் ஒன்றை அவள் விடவில்லை. கெட்டுப்போன மீனுக்குக் கூட நிற்கக் கூடாது. நின்றால் அது விற்கிறவள் பாவம் இல்லை, நிற்கிறவள் பாவம். சாயம் போகிற புடவைக்கும் ஜரிகை பல்லிளிக்கிற புடவைக்கும் அவள் நிற்க மாட்டாள். பழைய சரக்கு ஒன்றுக்கு நிற்கச் சொல்லி சித்தார்த்தன் ஒரு வாரம் கெஞ்சினான். முட்டி வலி என்று சொல்லிவிட்டாள்.

வேலையில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வீட்டில்தான் ஒரு முள்.

அவளுக்கு ஒரே மகள், எஸ்தர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஏழு வருஷம் கூடையைத் தூக்கியே படிக்கவைத்த மகள். தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை. அதே ஆபீஸில் வேலை பார்க்கும் கிஷோர் என்ற பையனுக்கும் அவளுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு. நல்ல பையன், இவர்களைப் போல வேதக்காரன்தான், குடிப்பதில்லை. வீடு பெருங்குடியில், கிண்டியில் அப்பாவுக்கு லேத் பட்டறை. பையனுடைய அம்மா பிரிஜித்தம்மாள்தான் குறுக்கே நின்றாள். மீன்காரி வீட்டுப் பெண் என் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். பிரிஜித்தம்மாளின் தாத்தா கோவளத்தில் வலை இழுத்தவர். அந்தத் தகவல் அவர்கள் வீட்டுக்குள் பேசப்படுவதில்லை.

எஸ்தர் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. ஆபீஸ் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்தாள். தான் சுமந்த கூடைதான் மகள் தலையில் விழுந்துவிட்டது என்று அந்தோணியம்மாளுக்கு நெஞ்சு வெந்தது. போய்ப் பேசலாம் என்றால் பிரிஜித்தம்மாளை அவள் பார்த்ததுகூட இல்லை. பார்த்தாலும், கெஞ்சினால் படியுமா? வாங்க மாட்டேன் என்று போகிறவளைக் கூப்பிட்டு விலையைக் குறைத்தால் அவள் இன்னும் வேகமாக நடப்பாள். இது எந்தக் கூடைக்காரிக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஸ்நேஹாவின் கவுன்டரில் அந்தோணியம்மாள் ஒரு கத்தரிப்பூ நிறப் புடவைக்கு நின்றுகொண்டிருந்தாள். அரக்கு பார்டர். நல்ல புடவை, மனசறிந்து நிற்கலாம். அன்று அவள் உடுத்தியிருந்தது கடையின் சந்தன நிறப் பட்டு. பக்கத்தில் வந்து நின்ற பருத்த அம்மாள் ஒருத்தி புடவையின் மறுமுனையைத் தொட்டாள். கழுத்தில் தடித்த செயின், அதில் சிலுவை டாலர். அந்தோணியம்மாள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று.

"நீங்க எடுக்கறீங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

அந்தோணியம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். "யோசிக்கிறேன். பார்டர் கொஞ்சம் அகலமோ?"

நாளாக ஆக அவளும் இரண்டு வார்த்தை பேசக் கற்றிருந்தாள். கோயிலில் ஃபாதர் பிரசங்கம் செய்கிற தமிழ் அவளுக்குத் தெரியும். அதில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

"அகலமா இருந்தாத்தான் எடுப்பு. நம்ம ஆளுங்களா நீங்க?" அந்த அம்மாள் இவள் கழுத்துக் கயிற்றில் தொங்கிய மாதா உத்தரியத்தைப் பார்த்துவிட்டாள். "எந்தக் கோயில் பங்கு?"

"சாந்தோம்."

பொய்யில்லை. சாந்தோம் பங்கில் பங்களாக்காரர்களும் உண்டு, குப்பத்துக்காரர்களும் உண்டு. அந்த அம்மாள் பங்களாவை எடுத்துக்கொண்டாள். அவள் குரலில் ஒரு மரியாதை ஏறியது. கூட வரவேண்டிய நாத்தனார் கிண்டி சிக்னலில் மாட்டிக்கொண்டிருப்பதாகவும், அதுவரை புடவையைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லையே என்று தவித்ததாகவும் சொன்னாள்.

"பையனுக்கு அடுத்த மாசம் நிச்சயம். பொண்ணு வீடு அண்ணா நகர். அவளுக்குத்தான் இது."

"நல்லது. ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக."

"இன்னா நல்லது?" அந்த அம்மாளின் தமிழ் சட்டென்று இறங்கியது. "அவன் மூஞ்ச தூக்கி வெச்சுக்கினு கீறான். தரமணில கூட வேல செய்யற ஒருத்திய கட்டிக்குவேன்னு ஒத்தக்கால்ல நின்னான். எஸ்தராம். நொச்சிக்குப்பமாம். அம்மாக்காரி மீன் விக்கறவளாம். நீங்களே சொல்லுங்க, எங்கூட்டுக்கு இது ஒத்து வருமா?"

அந்தோணியம்மாளின் கை புடவையில் நின்றது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகவில்லை. அந்தப் புடவையைச் சுருட்டி இவள் மூஞ்சியில் எறிந்துவிட்டு, நான்தான்டி அந்த மீன்காரி என்று ஏழு மாடிக்கும் கேட்கச் சொல்லலாம். குரல் அவளிடம் இருக்கிறது. லூப் ரோட்டில் அவள் ஒரு சத்தம் போட்டால் லைட் ஹவுஸில் திரும்பிப் பார்ப்பார்கள்.

எதிரே ஸ்நேஹா பில் போடும் அட்டையோடு காத்திருந்தாள். வீணை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மல்லிகை வந்துகொண்டிருந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்பது அந்தோணியம்மாளுக்கு ஞாபகம் வந்தது. வாங்க மாட்டேன் என்பவள் முன்னால் என்ன செய்ய வேண்டுமோ, அதைத்தானே இவ்வளவு நாளாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறோம்.

கெட்ட சரக்கில்லை, என் மகள். அவளுக்கு நிற்கலாம்.

"எஸ்தரா?" என்றாள். "நொச்சிக்குப்பத்து எஸ்தரா? தரமணி கம்பெனியில இருக்கிறாளே?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க பையனுக்குக் கேட்டோம்."

பிரிஜித்தம்மாள் புடவையிலிருந்து கண்ணை எடுத்து இவளைப் பார்த்தாள். சந்தனப் பட்டைப் பார்த்தாள். கொண்டையைப் பார்த்தாள். "நீங்களா? அந்தப் பொண்ணையா?"

"மூணு மாசமா கேக்கறோம். கொடுக்க மாட்டேங்கறாங்க." அந்தோணியம்மாள் பெருமூச்சு விட்டாள். "எனக்கென்னவோ அவ்வளவு இஷ்டம் இல்லைதான். பொண்ணு கொஞ்சம் குள்ளம்."

"குள்ளம்னு சொல்ல முடியாதுங்க," என்றாள் பிரிஜித்தம்மாள். "போட்டோல பாத்தேன். எங்க கிஷோரு தோளுக்கு வர்றா."

"வாய் கொஞ்சம் ஜாஸ்தின்னு சொல்றாங்க."

"அப்படியா? ரொம்ப அமைதின்னுல்ல இவன் சொல்றான். எதுத்துப் பேசினதே இல்லையாம்."

"அம்மாக்காரி சரியில்லை. திமிர் பிடிச்சவள்."

இதற்கு பிரிஜித்தம்மாள் மறுத்துச் சொல்லவில்லை. ஆனால் முந்தானையை நீவிக்கொண்டே, "அம்மாக்காரியவா கட்டப் போறாங்க" என்றாள். "ஒத்த ஆளா இருந்து படிக்க வெச்சிருக்கா பாருங்க. அதச் சொல்லணும்."

அந்தோணியம்மாள் முகத்தைத் திருப்பி இருமினாள். "பார்க்கலாம். நாங்க இன்னும் விடலை. இந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் மறுபடி ஆள் அனுப்பறதா இருக்கோம்."

மூன்று. அவள் புடவையை விட்டாள்.

பிரிஜித்தம்மாள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஸ்நேஹா பில் போட்டாள். நாத்தனார் வந்து சேர்ந்து, "அண்ணா நகர் பொண்ணுக்கு இந்தக் கலர் எடுக்குமா அண்ணி?" என்று கேட்டபோது பிரிஜித்தம்மாள், "எந்தப் பொண்ணுக்குன்னு அப்பறம் பாத்துக்கலாம், நீ வா" என்று சொல்லிக்கொண்டே எஸ்கலேட்டரில் இறங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எஸ்தர் வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அந்தோணியம்மாள் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"கிஷோர் வூட்ல இருந்து ஞாயித்துக்கெழம வர்றாங்களாம்மா. அவங்க அம்மாவே வருதாம். தட்டு எடுத்துக்கினு."

"ஆண்டவரே," என்றாள் அந்தோணியம்மாள், மீனிடம்.

"யாரோ சாந்தோம் பெரிய எடத்து பொம்பள என்னிய அவங்க பையனுக்கு கேட்டுக்கினு கீதாமே. மூணு மாசமா கேக்குதாமே. யாரும்மா அது? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தெர்ல."

"தெர்லன்னா? உங்கிட்டதான கேட்டாங்களாம்."

"எவ்வளவோ பேரு கேப்பாங்க. போய் மூஞ்சி கழுவு."

எஸ்தர் போய் முகம் கழுவினாள். கழுவும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட பாட்டு அது. அந்தோணியம்மாளுக்குச் சந்தோஷம் பொங்கியது. பொங்கின சூட்டோடு பயமும் பிடித்துக்கொண்டது. புடவையை விற்றுவிட்டால் கூட நின்றவள் தன் வழியே போய்விடலாம். சம்பந்தத்தில் அப்படிப் போக வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறக்கப்போவது யார் என்பதை அவள் செவ்வாய்க்கிழமை யோசிக்கவில்லை. வியாபாரம் தெரிந்தவள் என்ற கர்வத்தில் கண் தெரியாமல் போய்விட்டது.

சனிக்கிழமை சித்தார்த்தனிடம் லீவு கேட்டாள். முகூர்த்த சீசன், ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லாவிட்டால் சூழல் கெட்டுவிடும் என்றான் அவன்.

"மல்லிகப்பூ வாசன கீதே சார்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு, காலைப் பூசை முடித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த குடியிருப்பு முழுக்க மாடி வராந்தாக்களில் வந்து நின்றது. கார் வந்தால் அப்படித்தான். காரிலிருந்து பிரிஜித்தம்மாளும் நாத்தனாரும் கிஷோரும் இறங்கினார்கள். தட்டில் பழம், பூ, கற்கண்டு, அதன் மேல் செண்பகா ஸ்டோர்ஸ் பை. இரண்டு மாடி ஏறிவந்த பிரிஜித்தம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே கதவைத் தட்டினாள். எஸ்தர் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். துவைத்துக் கட்டிய நூல்புடவையோடு அந்தோணியம்மாள் கதவைத் திறந்தாள்.

பிரிஜித்தம்மாளின் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கிவிட்டது.

"நீங்களா?" என்றாள். திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். "நான் சொல்லல? சாந்தோம் அம்மா. முந்திக்கினாங்க பாரு."

"அம்மா, அவங்கதான்..." என்று கிஷோர் ஆரம்பித்தான். எஸ்தரின் போனில் அவளுடைய அம்மாவின் போட்டோவை அவன் பார்த்திருந்தான்.

"நீ சும்மா இர்ரா. உன்னாலதான் லேட்டு." பிரிஜித்தம்மாள் அந்தோணியம்மாளைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "ஏம்மா, வூட்ல யாரு? பொண்ணோட அம்மா எங்க? நாங்க பெருங்குடிலேர்ந்து வந்திருக்கோம். எங்களுக்கு நக வேணாம், ஒண்ணும் வேணாம். கல்யாணச் செலவு பூரா எங்களது. இந்தம்மா இன்னா சொல்லியிருந்தாலும் அதுக்கு மேல நாங்க."

வாங்க வந்தவள் தானாக இவ்வளவு உயரத்துக்கு ஏறி அந்தோணியம்மாள் பார்த்ததே இல்லை. கதவு பின்னால் திறந்துதான் இருந்தது. தோற்றுப்போனவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டால், பொண்ணோட அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள் என்று எஸ்தர் சமாளித்துக்கொள்வாள். இன்றைக்குத் தட்டு மாறிவிடும். கல்யாணத்துக்குள் வேறு ஏதாவது தோன்றும். அவள் ஒரு காலை வெளியே வைத்தாள்கூட.

டீ தட்டோடு எஸ்தர் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். தன்னுடைய ஒரே நல்ல புடவையை உடுத்தியிருந்தாள். கண்ணுக்கு மை தீட்டியிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அந்தோணியம்மாளால் இறங்கிப் போக முடியவில்லை.

"நான்தான் அவளோட அம்மா," என்றாள்.

பிரிஜித்தம்மாளுக்கு அது ஏறவில்லை.

"மீன் வித்தவ நான்தான். இப்ப அந்தக் கடைல வேல செய்யறேன். அன்னிக்கு கட்டிக்கினு இருந்தது கடப் புடவ. பொடவையப் புடிச்சுக்கினு நிக்கறதுதான் என் வேல. நான் புடிச்சா நாலு பேரு புடிப்பாங்க, அதுக்கு சம்பளம்." நிறுத்தினால் தொடர முடியாது என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னாள். "எனக்குப் பையனே கெடையாது. நீங்க வேணாம்னு சொன்ன ஆத்திரத்துல அப்டிப் பேசிட்டேன். எம் பொண்ண யாரும் கேக்கல. உங்க புள்ள ஒருத்தருதான் கேட்டாரு."

வராந்தாவில் நின்ற பக்கத்து வீட்டுக்காரிகள் வாசலுக்கு இன்னும் நெருங்கி வந்தார்கள். நாத்தனார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அதிர்ச்சியா என்று தெரியவில்லை. பிரிஜித்தம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். தட்டு மடியில் இருந்தது. அவள் எழுந்து போய்விடுவாள் என்று அந்தோணியம்மாள் நினைத்தாள். போனால் தடுக்கப் போவதில்லை என்றும் நினைத்தாள்.

"அஞ்சு நாளா நான் தூங்கல," என்றாள் பிரிஜித்தம்மாள், யாரையும் பார்க்காமல். "சாந்தோம்காரி தூக்கிக்கினு போயிருவாளோன்னு. அண்ணா நகர்ல வேணாம்னு சொல்லிட்டேன். இந்தப் பொண்ண பத்தி சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் நல்லா சொல்லிட்டேன். அமைதி, படிப்பு, பொறுப்பு. சொல்லச் சொல்ல எனக்கே புடிச்சுப் போச்சு. இப்ப போயி மாத்திச் சொன்னா என்னிய இன்னான்னு நெனப்பாங்க?"

பிரிஜித்தம்மாள் சரிந்திருந்த பழத்தைத் தட்டில் நேராக வைத்தாள். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, தட்டை இரண்டு கையாலும் எஸ்தரிடம் நீட்டினாள்.

"வாங்கிக்கம்மா."

கிஷோர் மூச்சு விட்டான். அந்தோணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலுவைக் குறி போட்டாள். நாத்தனார் போன் கேமராவைத் திறந்தாள்.

எஸ்தர் டீ தட்டை மேசைமேல் வைத்தாள். பிரிஜித்தம்மாளைப் பார்த்தாள். இரண்டு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, அம்மா வேண்டாம் என்றதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதைத் தவிர வேறொன்றும் செய்யாத கிஷோரைப் பார்த்தாள். கடைசியில் தன் அம்மாவைப் பார்த்தாள், நிறைய நேரம்.

"யோசிச்சு சொல்றேன் ஆன்ட்டி," என்றாள்.

தட்டு நீட்டியபடியே நின்றது. உள்ளே போய்விட்டாள் எஸ்தர். அவள் கோபத்தில் சொன்னாளா, விலையை ஏற்றுவதற்காகச் சொன்னாளா, நிஜமாகவே யோசிக்கப் போனாளா என்று இருபத்தாறு வருஷம் மனுஷ முகங்களைப் பார்த்து வியாபாரம் செய்தவளுக்கே தெரியவில்லை. பெற்றவளுக்கு அது தெரியாதது அவமானமாக இருந்தது. இந்த ஒரு வாரத்தில் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிரிஜித்தம்மாள் இவள் பக்கம் திரும்பினாள். கை வலிக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது, ஆனால் தட்டை அவள் கீழே வைக்கவில்லை.

"நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன். உங்களுக்குத்தான் பேச வருமே."

அந்தோணியம்மாள் அடுப்படி வாசலுக்குப் போனாள். எஸ்தர் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள். அந்தோணியம்மாள் வாயைத் திறந்தாள். மகள் திரும்பிப் பார்த்தாள். அந்தோணியம்மாள் வாயை மூடிக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.